கறிவேப்பிலைப் புழு எழுப்பிய கேள்வி

பெங்களூரு ஜயநகரில் உள்ள ஓர் அன்பரின் இல்லத்திற்குச் சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் பிக்ஷைக்காகச் சென்றிருந்தேன். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நகரிலேயே வாழும் குடும்பம் அது. வீட்டு அம்மையார் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உணவுக்கு முன் என்னை மாடிக்கு அழைத்துச் சென்று தமது தோட்டத்தைக் காட்டினார். பழைய பெயின்ட் வாளிகளிலும் மண்தொட்டிகளிலும் கத்தரி, தக்காளி, வெண்டை, அவரை வளர்ந்திருந்தன. கைப்பிடிச் சுவரில் பசலை படர்ந்திருந்தது. ஒரு மூலையில் பெரிய தொட்டியில் கறிவேப்பிலை. மண்ணும் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதையெல்லாம் ஆர்வத்தோடு விளக்கினார். நானும் மகிழ்ந்து, “இதுவும் ஒரு பூஜைதான் அம்மா” என்றேன்.

அவர் முகம் சற்று வாடியது. “சுவாமிஜி, ஒன்று கேட்கலாமா? முப்பது வருஷம் கடையில்தான் காய்கறி வாங்கினேன். ஒரு பூச்சியைக்கூடக் கொன்றதில்லை. இந்தத் தோட்டம் போட்ட பிறகு, காலையில் ஜபம் முடிந்ததும் மாடிக்கு வந்து புழு நசுக்குகிறேன். மருந்தில்லாத காய், மண்ணுக்கும் நல்லது, மற்ற உயிர்களுக்கும் நல்லது என்றுதான் இதை ஆரம்பித்தேன். இப்போது என் கையால்தான் கொலை நடக்கிறது. இதற்கு நான் கடையிலேயே வாங்கியிருக்கலாமோ?”

கர்மயோகம், பற்றற்ற செயல் என்று ஏதோ விடை சொன்னேன். அவர் மரியாதையோடு தலையசைத்தார். ஆனால் அவருக்கு அது போதவில்லை என்பது தெரிந்தது. உண்மையில் எனக்கும் போதவில்லை. தத்துவ வகுப்புகளில் அறநெறி பற்றிய கேள்விகளைப் பல ஆண்டுகள் படித்திருக்கிறேன். பெரும்பாலும் அவை கற்பனையான சூழ்நிலைகளை வைத்து எழுப்பப்படுபவை. இங்கேயோ கேள்வி ஒரு கறிவேப்பிலைக் கிளையில் ஊர்ந்துகொண்டிருந்தது.

அவருடைய கடைசி வாக்கியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கடையில் வாங்கியிருந்தால் கொலை நிகழ்ந்திராதா? கத்தரிக்காயைத் தாக்கும் தண்டு-காய்த் துளைப்பான் புழுவை அறியாத உழவர் இல்லை. சந்தைக்கு வரும் காயில் துளை இருந்தால் நாம் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கிறோம். அந்த ஒரு கணத்தில் நாம் உழவருக்கு ஓர் ஆணை பிறப்பிக்கிறோம். அவர் அதை நிறைவேற்ற மருந்து தெளிக்கிறார். அம்மையார் விரலால் கொன்ற புழுக்களைவிடப் பல மடங்கு புழுக்களும், அவற்றோடு தேனீக்களும் பொறிவண்டுகளும் மடிகின்றன. சில சமயம் தெளிப்பவரும் மடிகிறார். 2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் நஞ்சேறி இறந்ததை நாடு அறியும். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள்மீது வானிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டுவரை நீடித்த அத்தெளிப்பின் விளைவுகளைச் சுற்றியிருந்த கிராமங்கள் தலைமுறைகளாகச் சுமக்கின்றன. உச்ச நீதிமன்றம் அம்மருந்தை 2011-ல்தான் தடை செய்தது. முந்திரிப் பருப்பைப் பாயசத்தில் இட்ட எவருடைய கையிலும் அந்தக் கறை தெரிந்ததில்லை.

ஆகவே அம்மையார் முப்பது ஆண்டுகள் கொல்லாமல் இருந்தார் என்பது சரியன்று. கொலை அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தது. இதுவரை சொல்வது எளிது. பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இதைக் கேட்டு ஆறுதல் அடைந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. “எங்கோ நடந்தது இப்போது இங்கே நடக்கிறது, அவ்வளவுதான்” என்றால், இங்கே நடப்பது சரியாகிவிடுமா? நசுங்கும் புழுவுக்குக் கொல்பவர் விழிப்புணர்வோடு கொல்கிறாரா, அறியாமையால் கொல்கிறாரா என்ற வேறுபாடு இல்லை.

நம் முன்னோர் இந்தச் சிக்கலை நன்றாக அறிந்திருந்தனர். உழவை ஸாதுவான தொழில் என்று இன்று நாம் புகழ்கிறோம். மனு ஸ்மிருதியோ இரும்பு முனை கொண்ட கலப்பை நிலத்தையும் அதில் வாழும் உயிர்களையும் வதைக்கிறது என்பதால், உழவு நல்லோரால் பழிக்கப்படுவது என்று கூறுகிறது. சமண மரபு நிலத்தைப் பிளக்கும் தொழிலை இல்லறத்தார் தவிர்க்கத்தக்க தொழில்களுள் ஒன்றாக வைத்தது. வியப்பு என்னவெனில், அதே சமண மரபுதான் முதல் தீர்த்தங்கரராகிய ரிஷபதேவரே மக்களுக்கு உழவைக் கற்பித்தார் என்றும் போற்றுகிறது. கருணையின் உச்சியில் நின்ற ஒரு மரபே, தான் அஞ்சிய தொழிலைத் தன் முதல் ஆசானின் கொடையாகவும் கண்டது. இதை முரண்பாடு என்று ஒதுக்குவதைவிட, அந்த மரபின் நேர்மை என்று கொள்வதே பொருத்தம்.

திருக்குறளிலும் இதே நிலையைக் காண்கிறோம். கொல்லாமை என்னும் அதிகாரம் அறத்துப்பாலில், துறவறவியலில் அமைந்திருக்கிறது. உழவு என்னும் அதிகாரம் பொருட்பாலில் இருக்கிறது. முதலாவது துறவிக்கு, இரண்டாவது இல்லறத்தாருக்கு என்று பிரித்துவிட்டு நிம்மதியாக உறங்கலாம் போலத் தோன்றுகிறது. ஆனால் வள்ளுவர் அந்த நிம்மதியைத் தரவில்லை. உழுபவர் கை மடங்கினால் எல்லாவற்றையும் துறந்தவர்களுக்கும் நிலை இல்லை என்ற கருத்தை உழவு அதிகாரத்திலேயே வைக்கிறார். என்னைப் போன்ற துறவிகள் இதைச் சற்று நின்று படிக்க வேண்டும். என் கைகள் சுத்தமாக இருப்பதற்குக் காரணம் என் கருணை மட்டுமன்று. வேறொருவருடைய கைகளில் மண் ஒட்டியிருப்பதும்தான்.

(மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ‘அஹிம்ஸை’ என்ற ஒரே சொல்லைத் தமிழாக்கும்போது நாம் தடுமாறுகிறோம். வள்ளுவரோ இன்னா செய்யாமை, கொல்லாமை என்று இரண்டு அதிகாரங்களாகப் பிரித்து அடுத்தடுத்து வைத்திருக்கிறார். துன்புறுத்தாமை வேறு, கொல்லாமை வேறு. தோட்டத்தில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு மிகவும் பயன்படும்.)

மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் தர்மவியாதரின் கதையை நம் வாசகர்கள் அனைவரும் அறிவர். சுவாமி விவேகானந்தர் தமது கர்மயோகச் சொற்பொழிவுகளில் எடுத்தாண்ட கதை. தவத்தால் பெற்ற ஆற்றலால் ஒரு பறவையை எரித்த கௌசிகர், இல்லத்தரசி ஒருவர் சொற்படி மிதிலைக்குச் சென்று, இறைச்சி விற்கும் ஒருவரிடம் தர்மத்தைக் கேட்டறிகிறார். நாம் இக்கதையைச் சொல்லும்போது பெற்றோருக்குச் செய்யும் தொண்டையும் தன் கடமையைப் பற்றின்றிச் செய்வதையும் சொல்கிறோம். இடையில் வரும் ஒரு பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். தாம் செய்யும் தொழில் கொடியது என்பதைத் தர்மவியாதர் மறைக்கவில்லை. தாம் உயிர்களைக் கொல்வதில்லை, பிறர் கொன்றதை விற்கிறேன் என்கிறார். ஆனால் அதைச் சொல்லித் தம்மைக் குற்றமற்றவராகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. பிறகு பேச்சு உழவின் பக்கம் திரும்புகிறது. உழவு நல்லது என்று உலகம் கருதுகிறது. உழும்போது மண்ணுக்குள் கிடக்கும் எத்தனை உயிர்கள் அழிகின்றன? விதைக்கும் நெல்லும் தானியமும் உயிருள்ளவை அல்லவா? நடக்கும்போதும் படுக்கும்போதும் மனிதன் அறியாமலே எவ்வளவு உயிர்களை மிதிக்கிறான்? அஹிம்ஸையையே விரதமாகக் கொண்ட துறவியும் ஹிம்ஸை செய்கிறார். ஆனால் முயற்சியால் அதைக் குறைத்துக்கொள்கிறார் என்று முடிக்கிறார்.

இதில் இரண்டு பாதைகள் பிரிகின்றன. ‘எல்லோரும் ஹிம்ஸை செய்கிறோம், ஆகவே கவலைப்படாதே’ என்பது ஒன்று. ‘எல்லோரும் ஹிம்ஸை செய்கிறோம், ஆகவே உன் பங்கைக் குறைத்துக்கொண்டே இரு’ என்பது மற்றொன்று. முன்னுரை ஒன்றுதான், முடிவு நேர் எதிர். முதல் பாதையில் செல்பவருக்குத் தர்மவியாதர் ஒரு சாக்கு; இரண்டாம் பாதையில் செல்பவருக்கு அவர் ஆசான்.

இல்லறத்தாரின் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் இருப்பதாக ஸ்மிருதிகள் சொல்கின்றன: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம். ஒவ்வொன்றிலும் தினமும் சிற்றுயிர்கள் மடிகின்றன. இதற்கு ஈடாகவே ஐந்து பெருவேள்விகள் விதிக்கப்பட்டன; அவற்றுள் பூத யக்ஞம் என்பது பிற உயிர்களுக்கு உணவிடுதல். நாம் வழக்கமாக ‘பிராயச்சித்தம்’ என்று அதைக் கடந்துவிடுகிறோம். ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். அடுப்பை அணைத்துவிடு என்று சொல்லவில்லை. அடுப்பு எரியட்டும், ஆனால் அதில் வெந்தது உனக்கு மட்டுமே உரியதன்று என்கிறது. எறும்புக்கு அரிசி மாவுக் கோலம், காக்கைக்கு முதல் பிடிச் சோறு என்று நம் பாட்டிமார் செய்துவந்ததெல்லாம் இதுதான். தனக்கென்று மட்டுமே சமைத்துக்கொள்பவனைக் கீதையின் மூன்றாம் அத்தியாயம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும்.

பெங்களூரிலேயே இதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடியில் கடலெக்காயி பரிஷெ என்னும் நிலக்கடலைத் திருவிழா நடைபெறுகிறது. தெரு முழுவதும் கடலைக் குவியல்கள். அங்குள்ள பெரிய நந்திக்குச் சொல்லப்படும் கதை இது: சுற்றுவட்டாரக் கிராமங்களில் விளைந்த கடலையை இரவுதோறும் ஒரு காளை மேய்ந்து அழித்துவந்தது. சினம் கொண்ட உழவர் ஒருவர் அதைத் தடியால் அடித்தார். காளை கல்லாகச் சமைந்துவிட்டது. மனம் வருந்திய உழவர்கள் அங்கே கோயில் எழுப்பி, ஆண்டுதோறும் முதல் விளைச்சலைக் காளைக்குப் படைக்கத் தொடங்கினர். தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர் அல்லவா நிலக்கடலை என்று வரலாற்று ஆசிரியர் குறுக்கிடலாம். கதையின் பொருளை அது தொடாது. பயிரைத் தின்றதும் ஓர் உயிர். அதை அடித்ததும் உழவருக்கு அன்றைக்குத் தவிர்க்க முடியாததாகத் தோன்றிய செயல். ஆனால் அடித்த கையை அவர்கள் மறக்கவில்லை. பயிரின் பகைவனையே பயிரின் முதல் பங்குக்கு உரியவனாக்கி வணங்கினர்.

இந்நகரின் காய்கறி வரலாற்றில் தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு. ஏரிகளை ஒட்டித் தோட்டங்கள் அமைத்து நகருக்குக் கீரையும் காயும் பூவும் தந்தவர்கள் திகளர் சமூகத்தினர். தமிழ்நிலத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது மரபு. சித்திரா பௌர்ணமி இரவில் புகழ்பெற்ற பெங்களூரு கரகத்தை எடுப்பவர்கள் அவர்களே. அந்தத் தோட்டங்களுக்கு நீர் தந்த ஏரிகளில் தர்மாம்புதி ஏரி இன்று பேருந்து நிலையம். சம்பங்கி ஏரி இன்று விளையாட்டு அரங்கம். மண் இருந்த இடமெல்லாம் சிமெண்டு ஆனபின், தோட்டம் மாடிக்கு ஏறியது.

அதை மாடிக்கு ஏற்றியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் பி.என். விஸ்வநாத். வேளாண் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், பயிற்சியால் பூச்சியியல் அறிஞர் என்பது நம் கேள்விக்கு ஒரு சுவையான பொருத்தம். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து நகரவாசிகளுக்கு மாடித் தோட்டப் பயிற்சி அளித்துவந்தார். 2011-ல் அவரோடு இணைந்த அன்பர்கள் ‘ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா’ என்ற பெயரில் சந்தை ஒன்றைத் தொடங்கி, நகரின் வெவ்வேறு பகுதிகளில் நடத்தினர். கன்னடத்தில் ஊட்டா என்றால் உணவு, தோட்டா என்றால் தோட்டம். விதை, தொட்டி, உரம், ஆலோசனை எல்லாம் ஓரிடத்தில் கிடைத்தன. நம் அம்மையாரும் அங்கேதான் தொடங்கினாராம்.

காய்கறியைவிட முக்கியமான ஒன்று இத்தோட்டங்களில் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சமையலறைக் கழிவு அங்கே மண்ணாகிறது. பெங்களூரின் குப்பை பல ஆண்டுகள் மாவள்ளிபுரம், மண்டூர் போன்ற கிராமங்களில் கொட்டப்பட்டது. துர்நாற்றத்திலும் கெட்டுப்போன நிலத்தடி நீரிலும் வாழ்ந்த அக்கிராமத்தார் போராடிய பின்னர், 2012-ல் மாவள்ளிபுரமும் 2014-ன் இறுதியில் மண்டூரும் நகரக் குப்பையிலிருந்து விடுபட்டன. நாம் உரித்தெறிந்த வாழைப்பழத் தோல் ஒரு கிராமத்தின் கிணற்றைக் கெடுத்தது என்பதை எத்தனை பேர் எண்ணியிருப்போம்? அம்மையாரின் மாடியில் மூன்று அடுக்குச் சுட்டமண் பானை ஒன்று இருக்கிறது. தினமும் தோலும் தண்டும் அதில் விழுகின்றன. நார்த்தூள் ஒரு பிடி. சில வாரங்களில் கரிய மண். மண்டூர்க் குழந்தைகளை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் அவர்களுக்குச் செய்யக்கூடிய மிகச் சிறிய, மிக உண்மையான தொண்டு அது. புழுவைப் பற்றிக் கலங்கிய அவருக்கு இந்தப் பக்கம் தோன்றவே இல்லை!

ஆயினும் மாடித் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சில சமயம் மிகையாகப் பேசிவிடுகிறார்கள். ‘தற்சார்பு’ என்ற சொல் எளிதில் நாவில் வருகிறது. அம்மையார் வீட்டு அரிசியோ ராகியோ துவரம்பருப்போ எண்ணெயோ மாடியிலிருந்து வருவதில்லை, வரவும் முடியாது. வெயில் விழும் நான்கு சதுர மீட்டரில் விளைவது கீரையும் சில காய்களும்தான். பிறகு தண்ணீர். பெங்களூருக்குக் காவிரி சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்திற்கு இயந்திரங்களால் ஏற்றப்பட்டு வருகிறது. அதே காவிரிக்காகத் தஞ்சையில் நாற்றங்கால் காத்திருக்கிறது. கும்பகோணத்திலிருந்து சென்றவர்க்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் நகரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, தோட்டத்திற்கும் வாகனம் கழுவுவதற்கும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்தக் கோடையில் அம்மையார் அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர், சுத்திகரிப்பு இயந்திரம் ஒதுக்கும் நீர் இவற்றை வைத்தே சமாளித்தார். பாதிச் செடிகள் காய்ந்தன. அவற்றைக் காயவிட்டதுதான் அந்த ஆண்டு அவர் செய்த ஜீவகாருண்யம் என்று நான் சொன்னால் அவர் ஏற்றுக்கொள்வாரோ, மாட்டாரோ!

வளர்ப்பதைப் போலவே சேகரிப்பதிலும் நுட்பம் இருக்கிறது. கர்நாடகக் கிராமங்களில் பெண்கள் மழைக்குப் பின் வயல்களிலும் வரப்புகளிலும் தாமே முளைத்த கீரைகளைக் கலந்து பறித்து வருவார்கள். பெரகெ சொப்பு என்பார்கள். நம் பக்கத்தில் கலவைக் கீரை. பொன்னாங்கண்ணி, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, மூக்கிரட்டை என்று ஒரு கைக்குப் பத்து வகை. யாரும் விதைக்காதது; யாரும் மருந்து தெளிக்காதது; அதற்காக ஓர் உயிரும் நசுக்கப்படவில்லை. வேரைப் பறிக்காமல் நுனியைக் கிள்ளுவதும், ஓரிடத்தில் முழுவதையும் எடுக்காமல் பின்னால் வருபவருக்கு விடுவதும் எழுதப்படாத சட்டம். அஹிம்ஸையை விரும்புகிறவருக்கு இதைவிடத் தூய உணவு உண்டோ என்று தோன்றும்.

ஆனால் இன்றைய நகரத்தில் அங்கும் கேள்வி காத்திருக்கிறது. ஏரிக்கரையில் பொன்னாங்கண்ணி செழித்து வளர்கிறது. ஏரியில் வருவதோ சாக்கடை. நுரை பொங்கி, 2017-ல் தீப்பற்றியும் எரிந்த பெள்ளந்தூர் ஏரியை நாம் மறக்கவில்லை. கழிவுநீரில் விளைந்த கீரை உலோக நஞ்சுகளை ஏற்கக்கூடியது. அடுத்து, அந்தக் கீரை யாருக்கு உரியது? ஒரு கட்டுக் கீரை விற்று அன்றைய அடுப்பை ஏற்றும் பெண்கள் இருக்கிறார்கள். வசதியுள்ளவர் காலை நடைப்பயிற்சியில் இயற்கை உணவு என்று அதைப் பறித்து வந்தால், புழுவைக் காப்பாற்றி அந்தப் பெண்ணின் உலையைப் பறித்தவர் ஆவார். கருணைக்குக் கண் இரண்டு வேண்டும்.

வடலூர் வள்ளலாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நீரின்றித் தலைசாய்ந்த பயிரைக் கண்டும் உள்ளம் துவண்டவர் அவர். ஆனால் அந்த இரக்கம் பயிரோடு நின்றுவிடவில்லை. 1867-ல் பசித்தவருக்கு உணவிடும் தருமச்சாலையாக மலர்ந்தது. அதன் அடுப்பு இன்றுவரை எரிகிறது. அடுப்பில் வேகும் அரிசியும் ஒரு காலத்தில் பயிராக நின்றதுதான். பயிருக்காக வருந்துவதும் அதன் விளைவைப் பசித்தவருக்கு ஆக்கிப் படைப்பதும் அவர் உள்ளத்தில் மோதிக்கொள்ளவில்லை.

காந்தியடிகளும் இக்கேள்வியில் சிக்கினார். 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் மீட்க முடியாத வேதனையில் கிடந்த கன்று ஒன்றின் உயிரை மருத்துவர் ஊசியால் முடிக்க அவர் உடன்பட்டபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அதற்கு விடையளித்து எழுதிய கட்டுரையிலேயே, ஆசிரமத்துப் பயிரையும் பழத்தையும் அழிக்கும் குரங்குகளை என்ன செய்வது என்ற கேள்வியையும் பகிரங்கமாக எழுப்பினார். கன்றின் விஷயத்தில் அவருக்குத் தயக்கமில்லை. அது அந்தக் கன்றின் நன்மைக்காக. குரங்கின் விஷயத்தில் அவர் தடுமாறினார். ஏனெனில் அது நம் நன்மைக்காக. இந்த வேறுபாட்டை அவர் மறைக்கவில்லை. தத்துவம் படித்த எனக்கு அவருடைய பல தெளிவான முடிவுகளைவிட அந்தத் தடுமாற்றம் அதிகம் கற்பிக்கிறது. தன் நலனுக்காகச் செய்யும் கொலையை ‘கருணை’ என்று பெயர் மாற்றி அழைக்க அவர் மறுத்தார்.

அம்மையாரின் கேள்விக்கு இப்போது என்ன சொல்வேன்? பாவமா என்று கேட்டால், துன்பம் நேர்கிறது, அதை இல்லை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை என்பேன். விட்டுவிடலாமா என்று கேட்டால், விட்டுவிட்டால் அத்துன்பம் பெருகி வேறிடம் செல்லும், அங்கே அதைக் காண நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்பேன். காலையில் புழுவை நசுக்கும்போது அவர் மனம் நெருடுகிறதே, அந்த நெருடலைப் போக்கும் விடை எதையும் அவருக்குத் தர நான் விரும்பவில்லை. அந்த நெருடல் இருக்கும்வரை அவர் ஒரு புழுவைக்கூடத் தேவையின்றிக் கொல்ல மாட்டார். வேப்பெண்ணெய்க் கரைசலை முழுச் செடிக்கும் தெளிக்காமல் பூச்சி படிந்த இலையைக் கிள்ளி எறிவார். அசுவினி வந்தவுடன் பதறாமல் பொறிவண்டு வருகிறதா என்று இரண்டு நாள் பார்ப்பார். மூன்றில் ஒரு பங்கு போனாலும் போகட்டும் என்பார். இன்னொன்றும் நடந்திருக்கிறது, அவரே சொன்னது: மூன்று மாதம் பாடுபட்டு ஒரு கிலோ தக்காளி எடுத்த பிறகு, தெருவில் வரும் காய்கறி வண்டிக்காரரிடம் அவர் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

தை மாதத்தில் மறுபடியும் அந்த இல்லத்திற்குச் செல்ல நேர்ந்தது. மாடி மூலையில் கறிவேப்பிலைத் தொட்டி இரண்டாகியிருந்தது. என்ன என்று கேட்டேன். இலையைத் தின்ற பச்சைப் புழுக்கள் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுகள் என்று பேரன் பள்ளியிலிருந்து அறிந்து வந்து சொன்னானாம். சிறு பருவத்தில் அவை பறவை எச்சம் போல இருக்கும், வளர்ந்தபின் பச்சையாகும் என்று அவனே காட்டினானாம். “அன்றிலிருந்து, இந்தச் செடியில் இருப்பதை எடுத்து அந்தச் செடியில் விட்டுவிடுகிறேன் சுவாமிஜி. அது அவர்களுடையது” என்றார். அந்த இரண்டாவது செடி பெரும்பாலும் மொட்டைக் குச்சியாகத்தான் நின்றது. அதன் ஒரு கிளையில், இடுப்பில் பட்டிழை ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஒரு கூட்டுப்புழு சாய்ந்திருந்தது.

“கத்தரிக்காய்ப் புழுவுக்கு?” என்று கேட்டேன்.

“அதை இன்னும் கொல்லத்தான் கொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு, மடத்துச் சமையலுக்கென்று பறித்து வைத்திருந்த ஒரு பை அவரைக்காயை என் கையில் தந்தார். “நாலைந்தில் துளை இருக்கும், அந்த இடத்தை மட்டும் நறுக்கிவிடச் சொல்லுங்கள்.”